நன்மாறன் கூட்டத்துக்கு மைக் செட் போட்டவன் கேட்கும் கேள்வி

28 அக்டோபர் 2024, காலை

இன்று மதுரை கிழக்கில் மார்க்சிஸ்ட் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்த தோழர் நன்மாறன் நினைவு நாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. விடிந்ததிலிருந்து போனில் படங்களாக வந்து குவிகின்றன. ஆட்டோவில் போன எம்.எல்.ஏ., வாடகை வீட்டில் இருந்த எம்.எல்.ஏ., இரண்டு தடவை ஜெயித்தும் வீடு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்த எம்.எல்.ஏ. எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மனுஷன் அத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசினாரே, அந்தப் பேச்சு எங்கே போயிற்று? 'மேடைக் கலைவாணர்' என்று அவரைக் கூப்பிட்டது இந்த ஊர்தான். படத்துக்குக் கீழே அந்தப் பட்டத்தை மறக்காமல் போடுகிறார்கள். பேச்சைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எனக்குக் கட்சி இல்லை. நான் மைக் செட் ஆள். அவர் கூட்டங்களுக்கு வயர் இழுத்துத்தான் தொழில் கற்றுக்கொண்டேன். அதனால் கேட்கிறேன்.

28 அக்டோபர் 2024, இரவு

'வயர் இழுத்தவனுக்குத் தலைவர் எப்படித் தொழில் கற்றுக்கொடுப்பார்?' என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் அவரோடு உட்கார்ந்து பேசிப் பழகியவன் இல்லை. மைக்கின் உயரத்தைச் சரிபண்ணிவிட்டு மேடையை விட்டு இறங்கும் பையன், அவ்வளவுதான். ஆகவே அவர் என்னிடம் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று எதுவும் இங்கே வராது. இறந்தவர் பெயரில் வசனம் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் ஒரே ஒரு வேதம்தான். சத்தம். எத்தனை குழாய் கட்டினாய், எவ்வளவு தூரம் கேட்டது, இதுதான் கணக்கு. இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் குழாய் என்றால் தண்ணீர்க் குழாய்தான் தெரியும். கூம்பு ஸ்பீக்கரைத்தான் நாங்கள் குழாய் என்போம். அதன் பின்னால், சத்தத்தை உண்டாக்கும் 'யூனிட்' என்று ஒன்றைத் திருகி மாட்ட வேண்டும். யூனிட் போய்விட்டால் குழாய் வெறும் தகரம்.

கோயில் கொடைக்கு, சடங்கு வீட்டுக்கு, சினிமாப் பாட்டுக்கு அந்தச் சத்தம் போதும். கட்சிக் கூட்டத்துக்கும் போதும் என்றுதான் நினைத்தோம். காரணம், பெரும்பாலான பேச்சாளர்கள் முழங்குவார்கள். முழங்கும் ஆளுக்கு மைக் செட் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. பாதிச் சொல் காற்றில் போனாலும் மீதியை வைத்துக் கூட்டம் கை தட்டிவிடும். எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்பது குரல் ஏறுவதிலேயே தெரிந்துவிடும்.

நன்மாறன் முழங்கவில்லை. சிரிக்க வைத்தார். அங்கேதான் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது.

29 அக்டோபர் 2024

நேற்று விட்ட இடத்திலிருந்து.

மாசி வீதி மாதிரி நீளமான தெருவில் மேடை போட்டால், மேடைக்குப் பக்கத்தில் இரண்டு குழாய், நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு என்று கட்டுவோம். மேடையிலிருந்து கடைசிக் குழாய் 300 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட்டுக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை, வயரில் பேச்சு உடனே போய்விடும். காற்றில் வரும் சத்தம் அப்படியில்லை. நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். கடைசிக் குழாய்க்கு அடியில் நிற்கிறவனுக்குத் தலைக்கு மேல் ஒரு தடவை கேட்கும். கால் நொடி கழித்து மேடைக் குழாயின் சத்தம் வந்து அதே சொல்லை மறுபடி சொல்லும். நடுக் குழாய் இடையில் புகுந்து அதன் பங்குக்குச் சொல்லும்.

கால் நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தமிழில் கால் நொடிக்குள் ஓரிரு எழுத்து போய்விடும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். முழக்கத்தில் இது தெரியாது, கம்பீரமாகக்கூட இருக்கும். நகைச்சுவையில் கடைசிச் சொல்தானே எல்லாம்? அந்தச் சொல் மங்கினால் போச்சு. முன் வரிசை விழுந்து விழுந்து சிரிக்கும், தெருக்கோடியில் இருப்பவன் பக்கத்து ஆளைப் பார்த்து 'என்ன சொன்னாரு?' என்பான். அவன் விளக்கி முடிப்பதற்குள் அடுத்தது போயிருக்கும்.

நான் இதைக் கண்ணால் பார்த்தேன். முன்னால் சிரிப்பு, பின்னால் முழிப்பு.

அப்புறம், இது அவருடைய கூட்டத்தில் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கட்சிக்காரர்கள் முன்னால் தரையில் உட்காருவார்கள். அவர்கள் எப்படியும் கேட்பார்கள். கேட்டுப் பார்க்கலாமே என்று வந்தவன் முன்னால் வரமாட்டான். டீக்கடையில் நிற்பான். சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பான். பெண்கள் மாடி ஜன்னலில் இருப்பார்கள். அந்த ஆட்களுக்குத்தான் அவர் பேசினார் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் எல்லாரும் இருந்தது கடைசிக் குழாய்க்கு அடியில்.

30 அக்டோபர் 2024

இன்று அதே கட்சியின் பி. மோகன் நினைவு நாள். 2009இல் இதே நாளில் போனார். 1999, 2004 என்று இரண்டு தடவை மதுரை எம்.பி. இரண்டு பேருக்கும் நினைவு நாள் இரண்டு நாள் இடைவெளியில் வருவதால் போனில் படங்கள் கலந்துபோகின்றன. ஒரு படத்தில் மோகன் முகம், கீழே நன்மாறன் பெயர். யாராவது சொல்லித் திருத்துங்கள்.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'குழாயைக் குறைத்திருக்கலாமே' என்று பொறியாளர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். குறைக்கவில்லை சார், கூட்டினோம். அதைச் சொல்கிறேன், தீபாவளி முடியட்டும். இன்றைக்குத் தெற்குமாசி வீதியைக் கடக்கவே ஒரு மணி நேரம்.

31 அக்டோபர் 2024

வெளியே வெடி. ஓரிரு வரி எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

'அவர் ஜோக்கில் ஒன்றையாவது எழுதுங்களேன்' என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதமாட்டேன். அது ஆறிப்போன பஜ்ஜி. அவர் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினார், எதைச் சும்மா சொல்வது போலச் சொன்னார் என்பது எழுத்தில் வராது. நான் எழுதி, நீங்கள் படித்து, 'இதுக்கா சிரிச்சாங்க?' என்று கேட்டால் பழி அவர் மேல்தான் விழும்.

2 நவம்பர் 2024

சரி, குழாய்க் கதை.

கடை முதலாளியிடம் சொன்னால் அடிக்க வருவார் என்பதால் சொல்லாமலே செய்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். குழாயைக் கூட்டினேன். 150 அடிக்கு ஒன்று இருந்த இடத்தில் 50, 60 அடிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் உயரத்தில் கட்டாமல் கொஞ்சம் தாழ்த்தி, வாயைத் தெருவை நோக்கிக் குனிய வைத்தேன். ஒவ்வொரு குழாயும் தன் அடியில் நிற்கிற முப்பது பேருக்கு மட்டும் பேச வேண்டும், ஊருக்கே பேசக்கூடாது. அப்படிச் செய்தால் தலைக்கு மேல் இருக்கும் குழாய்தான் பலமாகக் கேட்கும், தூரத்துக் குழாயின் சத்தம் வந்தாலும் அதற்கு அடியில் அமுங்கிவிடும்.

வேலை இரண்டு மடங்கு. வயர் இரண்டு மடங்கு. கயிறு போதாது. கம்பத்துக்குக் கம்பம் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் டீக்கடை சிரித்தது.

அன்றிலிருந்து என் அளவுகோல் அதுதான். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன். பேச்சு தொடங்கியதும் தெருக்கோடிக்கு நடந்து போய் டீ சொல்லிவிட்டு நிற்பேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தி, டம்ளரைக் கையில் பிடித்தபடியே மேடைப் பக்கம் காதைத் திருப்பினால் செட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கவனிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒரு குழாய் உளறுகிறது.

முதலாளிக்குக் கடைசியில் தெரியவந்தது. 'கரண்ட் மிச்சம் பிடிக்கிறியாடா?' என்றார். திட்டவில்லை.

2 நவம்பர் 2024, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, இது எனக்குப் பிடித்த சங்கதி. கடைகள் திறந்திருக்கும்போது ஒரு சத்தம், அடைத்த பிறகு வேறு சத்தம். ஜவுளிக்கடை திறந்திருந்தால் உள்ளே அடுக்கியிருக்கும் துணி சத்தத்தைக் குடித்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு ஷட்டராக இறங்கும். இரும்பு ஷட்டர் எதையும் குடிக்காது, அப்படியே திருப்பி அடிக்கும். இரண்டு பக்கமும் ஷட்டர், நடுவில் தெரு. எட்டரை மணிக்குச் சரிபார்த்து வைத்த செட் ஒன்பதே காலுக்கு ஓட்டைப் பானையாகிவிடும்.

முக்கியப் பேச்சாளர் எப்போது வருவார்? ஒன்பதே காலுக்குத்தான். எந்தக் கட்சியானாலும் இதே வழக்கம்.

அதனால் ஷட்டர் இறங்க இறங்கச் சத்தத்தை ஒரு இழை குறைத்துக்கொண்டே வர வேண்டும். கூட்டத்தில் இருந்து 'மைக்கைக் கூட்டுப்பா' என்று ஒருவர் கத்துவார். கூட்டுவது போலக் கையை வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். அவருக்குத் திருப்தி. இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் இதைச் செய்கிறேன்.

3 நவம்பர் 2024

பத்து மணி விதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2000இல் வந்த ஒலி மாசு விதிகள்தான் அதற்கு அடிப்படை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதி என்றால் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று கணக்கு. அந்தக் கணக்கை அளந்து பார்த்துக் கூட்டம் நடத்தியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் 10 மணி என்பது நிஜம். போலீஸ்காரர் 9.50க்கே ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், மேடைக்குப் போகமாட்டார். எங்களிடம்தான் முறைப்பார்.

இப்போது கூம்புக் குழாய்க்கே அனுமதி இல்லை, பெட்டி ஸ்பீக்கர்தான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. குழாயில் கட்டைக் குரல் வராது. கீழ் ஓசை மொத்தமும் போய்விடும், எல்லாக் குரலும் தகரமாகத்தான் கேட்கும். நல்ல பெட்டியில் அவர் குரலைத் தெருக்கோடி கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு.

4 நவம்பர் 2024

பணம் வந்ததா என்று ஒருவர். வந்தது. ஆனால் உண்டியல் பணம். கூட்டம் நடக்கும்போதே துண்டை விரித்துக்கொண்டு வசூலுக்குப் போவார்கள். முடிந்ததும் அதை எண்ணி எங்களுக்குத் தருவார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐம்பது காசு. லுங்கியில் முடிந்துகொண்டு வருவேன், நடக்கும்போது இடுப்பு இழுக்கும். கடையில் முதலாளி எண்ணிப் பார்க்கவே அரை மணி நேரமாகும். ஆனாலும் பாக்கி நின்றதில்லை.

அதே வருஷங்களில் பெரிய கார்களில் வந்து, நாற்பது குழாய் கேட்டு, 'நாளைக்கு வந்து வாங்கிக்கோ' என்று போனவர்கள் உண்டு. அந்த நாளை இன்னும் வரவில்லை. கட்சிப் பெயர் வேண்டாம்.

4 நவம்பர் 2024, சற்றுக் கழித்து

பெயர் கேட்டு நாலு பேர். வேண்டாம் என்றால் வேண்டாம்.

6 நவம்பர் 2024

2001 தேர்தல் நினைவுக்கு வந்தது. ஓட்டுப்பதிவு மே 10. சித்திரைத் திருவிழாவும் தேர்தலும் ஒட்டிக்கொண்டு வந்த வருஷம். மதுரையில் சித்திரை மாதம் மைக் செட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மண்டகப்படியிலும் குழாய், ஒவ்வொரு நீர்மோர்ப் பந்தலிலும் குழாய். மிஞ்சியதைக் கட்சிகள் பிடித்துக்கொள்ளும். பழைய குழாய்களை ஒட்டுப்போட்டு, யூனிட் மாற்றி, ஆட்டோவில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வைத்து ஓட்டினோம். அந்த வருஷம்தான் நன்மாறன் மதுரை கிழக்கில் முதல் தடவை ஜெயித்தார். 2001இல் அதிமுக கூட்டணி, 2006இல் திமுக கூட்டணி. இரண்டிலும் ஜெயித்தார்.

ஒருவர் மேலே 'இப்போதைய கிழக்குத் தொகுதியில் அவர் நின்றார்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அப்படியில்லை. 2008 தொகுதி மறுவரையறையில் எல்லை எல்லாம் மாறிவிட்டது. 2011 தேர்தலிலிருந்து கிழக்கு என்பது வேறு ஊர்கள், வேறு தெருக்கள்.

தேர்தலுக்குப் பிறகு எனக்கு ஒன்று நடந்தது. முன்பின் தெரியாத ஒரு மன்றத்துக்காரர் கடைக்கு வந்து, 'நன்மாறன் கூட்டத்துக்குப் போடுற பையன் யாரு?' என்று கேட்டார். பட்டிமன்றத்துக்கு செட் வேண்டுமாம். மதுரையில் பட்டிமன்றம் என்றால் தெரியுமே. அதுவும் சிரிப்பு வியாபாரம்தான். ஆறு பேச்சாளர், ஒரு நடுவர், அவர் நடுவில் குறுக்கே புகுந்து அடிக்கும் கமெண்ட்டில்தான் கூட்டமே நிற்கும். அந்தக் கமெண்ட் கேட்கவில்லை என்றால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். முதலாளி என்னை அனுப்பினார். அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், திருமங்கலம் என்று சுற்றினேன். கடை வைத்தது அந்தக் காசில்.

ஆக, முதலில் நக்கலாகக் கேட்டவருக்கு இதுதான் பதில். நன்மாறன் எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கவில்லை. என் பெயரே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

9 நவம்பர் 2024

முதல் நாள் எளிமைப் படங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் யோசனை வந்திருக்கிறது.

எளிமை வேறு, பேச்சு வேறு என்று பிரித்துவிட்டேனோ என்று படுகிறது. ரேஷன் கடை வரிசையைப் பற்றி ஒருவர் கேலியாகப் பேசுகிறார் என்றால், கேட்கிறவன் முதலில் பார்ப்பது இந்த ஆள் வரிசையில் நின்றவனா என்பதைத்தான். அவர் கூட்டத்துக்கு எப்படி வந்து இறங்கினார் என்பதை டீக்கடை பார்த்திருக்கும். ஏசி காரிலிருந்து இறங்கும் ஒருவர் அதே வரியை அதே நிறுத்தத்தோடு சொன்னால் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். சிரிக்க வைத்துக்கொண்டே விலைவாசிக்குள்ளும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்குள்ளும் அவர் கூட்டிக்கொண்டு போகும்போது ஜனம் கூடவே போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வகையில் ஆட்டோவும் மைக் செட்டின் ஒரு பகுதிதான்.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் உண்மையாகாது. எளிமையாக இருந்தவர்கள் எல்லாருக்கும் பேச்சு வந்துவிடவில்லை. கக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர், உள்துறை வரை மந்திரியாக இருந்தவர், கடைசியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கெட்டிக்காரத்தனம் மேடையில் இல்லை, நிர்வாகத்தில் இருந்தது. அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. வார்டுக் கதை மட்டும் வருஷா வருஷம் வரும்.

நன்மாறன் இறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான், ராஜாஜி மருத்துவமனை. அதனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து எளிமை என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். நமக்கு ஒரு தலைவர் கஷ்டப்பட்டார் என்றால்தான் திருப்தி. என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று கேட்பதற்குப் பொறுமை இல்லை.

இதற்குச் சிலர் கோபப்படுவீர்கள். படுங்கள்.

10 நவம்பர் 2024

கோபப்பட்டுவிட்டீர்கள். சரி. இதில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

15 நவம்பர் 2024

மார்க்சிஸ்ட் தலைவர் சங்கரய்யா போய் இன்றோடு ஒரு வருஷம். 1922இல் பிறந்து 2023 வரை இருந்தார். 1967இல் மதுரை மேற்கு, 1977, 1980இல் மதுரை கிழக்கு என்று மூன்று தடவை எம்.எல்.ஏ. நன்மாறன் ஜெயித்த அதே மதுரை கிழக்கு என்கிற பெயரில் அவருக்கு முன்னால் நின்று ஜெயித்தவர். அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு பண்ணி, ஆளுநர் கையெழுத்துப் போடாமல் அது நின்றுபோனதும் எல்லாருக்கும் தெரியும்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவரும் மைக்கில் பேசுவார், ஆனால் மைக் இல்லாத காலத்துக் குரல். வயதான பிறகும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நிற்கும். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட குரலுக்கு வேலையே இல்லை, சும்மா திறந்துவிட்டால் போதும். நன்மாறன் குரலுக்குத்தான் ஆள் வேண்டும். அது மெதுவாகத் தாழ்ந்து, பேச்சுவாக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகும். அந்தத் தாழ்ந்த சொல்தான் சிரிப்பு.

சத்தத்தைக் கூட்டினால் அந்தச் சொல் கேட்கும்தான். ஆனால் உடனே மைக் 'கூ' என்று ஊளையிடும். ஊளை வந்தால் முடிந்தது, கூட்டம் மொத்தமும் மைக்காரனைப் பார்க்கும். அதுபோலவே சிரிப்பு எழும்போது, அடுத்த வாக்கியம் கேட்காதே என்று பதறிச் சத்தத்தைக் கூட்டுவார்கள் புதுப் பையன்கள். தொடவே கூடாது. சிரிப்பு அடங்கும் வரை பேசுகிறவர் காத்திருப்பார். காத்திருக்கத் தெரியாதவர் நகைச்சுவைப் பேச்சாளரே இல்லை.

17 நவம்பர் 2024

இத்தனை நாள் ஏன் இதை எழுதுகிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் கேசட்.

போன மாதம் 25ஆம் தேதி மழையில் செல்லூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியது. அங்கே என் சாமான் ரூமில் முட்டியளவு தண்ணீர். பழைய ஆம்ப்ளிஃபயர், வயர்ச் சுருள், குழாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்தபோது மேல் தட்டில் நனையாமல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே கேசட்டுகள். கூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்று பதிந்து வைத்தவை. சிலதில் பட்டிமன்றம், சிலதில் பாட்டுக் கச்சேரி, நாலைந்தில் நன்மாறன். லேபிளில் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.

ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. குரல் சுத்தமாக இருக்கிறது, ஒரு சொல் விடாமல் கேட்கிறது. ஆனால் சிரிப்பு இல்லை. ஒரு வரி சொல்கிறார், நிறுத்துகிறார், ஒன்றுமில்லை. அடுத்த வரி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. நாங்கள் பதிந்தது ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக வயர் போட்டு. மைக்கில் விழுந்தது மட்டும்தான் கேசட்டுக்குப் போகும். அந்த மைக் பேசுகிறவர் வாயைப் பார்த்து இருக்கும், முதுகு கூட்டத்தின் பக்கம். முதுகுப் பக்கச் சத்தத்தை வாங்காமல் இருப்பதற்காகவே செய்த மைக் அது, இல்லாவிட்டால் ஊளையிடும். ஆகவே தெரு முழுக்கச் சிரித்தது பதிவாகவே இல்லை. ஹெட்போன் போட்டுக் கேட்டால் ரொம்ப ஆழத்தில் ஏதோ இரைகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். இடைவெளியைக் கேட்டேன். ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நொடி நிற்கிறார், அது சின்னச் சிரிப்பு. ஒரு இடத்தில் ஐந்தாறு நொடி நிற்கிறார், தொடங்கப் போய் மறுபடி நிறுத்துகிறார். அங்கே சிரிப்பு இரண்டாவது தடவை எழுந்திருக்கிறது. முன்னால் சிரித்து முடித்த பிறகு பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லை ஒருவன் சிரிப்பதைப் பார்த்து மற்றவன் சிரித்தானா, சொல்ல முடியாது. முதல் வகை என்றால் அந்தக் கூட்டத்துக்கு நான் பழைய முறையில் குழாய் கட்டியிருக்கிறேன். தேதி தெரிந்தால் சொல்லிவிடலாம், லேபிள்தான் புரியவில்லையே.

தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு கேசட்டில் பேச்சு நல்ல சூடாக ஏறி வரும்போது 'டக்' என்று நிற்கிறது. திருப்பிப் போட்டால் வேறு விஷயத்தில் இருக்கிறார். நடுவில் போனது போனதுதான்.

19 நவம்பர் 2024

கேசட்டை என்ன செய்வது என்று பலரும் கேட்டதால், உங்களிடம் பழைய கூட்டக் கேசட்டுகள் இருந்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எடுத்தவுடன் போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. அதோடு ஓட்டினால் டேப்பும் போகும், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போகும். வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். காற்றாடும் நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்து, கையால் ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருக்கும், பழைய கேசட்டில் இது சகஜம். அந்தப் பஞ்சு இல்லையென்றால் சத்தம் அமுங்கித்தான் வரும். திருகு போட்ட கேசட் என்றால் திறந்து, சுருளை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கேசட் என்றால் பொறுமையாக நெம்ப வேண்டும்.

டவுன்ஹால் ரோட்டில் இன்னமும் கேசட் ஓட்டும் பழைய டெக் கிடைக்கிறது, பெல்ட்டை மாற்றிவிட்டால் ஓடும். கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.3 பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

20 நவம்பர் 2024

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகன் உதவி பண்ணுகிறேன் என்று ஒரு கேசட்டை மாற்றிக் கொடுத்தான். சாப்ட்வேரில் ஏதோ பட்டனைத் தட்டியிருக்கிறான். இரைச்சலையும் எடுத்துவிட்டு, பேச்சில்லாத இடத்தையெல்லாம் தானே வெட்டி ஒட்டிவிட்டது. கேட்டால் மூச்சே விடாமல் ஒருவர் கடகடவென்று பேசிக்கொண்டே போகிறார். அது நன்மாறன் இல்லை. நல்லவேளை, கேசட் கையில் இருந்தது, மறுபடி எடுத்தோம்.

ஆகவே யாரிடமாவது கொடுத்து மாற்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காலி இடத்தில் கை வைக்கக்கூடாது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் போடாமல், கூட்டத்தில் உட்கார்ந்து மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத்தான் நான் தேடுகிறேன். குரல் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, குரல் என்னிடம் இருக்கிறது. முனிச்சாலை, பழங்காநத்தம், ஜான்சிராணி பூங்கா, எந்தக் கூட்டமானாலும் சரி. டெக் நான் கொண்டுவருகிறேன், கேசட்டை உங்கள் கையை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.